கைபேசித் திரையை மேசைக் கணினிக்குக் கம்பியில்லாமல் கொண்டுவருவது: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு எட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க வருகிறார்கள். பள்ளியில் அவர்களுக்கு ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் உண்டு. தமிழ் என்பது வீட்டில் காதால் கேட்பதோடு சரி. கரும்பலகை மாட்டச் சுவரில் இடமில்லை. ஆனால் 24 அங்குல மானிட்டருடன் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. கைபேசியில் நான் விரலால் ‘ழ’ எழுதினால், அது எங்கே தொடங்கி, எப்படிச் சுழித்து, எங்கே இறங்குகிறது என்பது அந்தப் பெரிய திரையில் தெரிய வேண்டும். ஸ்கிரீன் மிரரிங் எனக்குத் தேவைப்பட்டது இதற்காகத்தான்.

முதல் மூன்று வாரங்கள் பாதி வகுப்பு இதிலேயே கழிந்தது. ஒரு மென்பொருளை நிறுவுவேன். கைபேசியில் கணினியின் பெயரே வராது. அதை நீக்கிவிட்டு இன்னொன்றை நிறுவுவேன்; அதிலும் வராது. நான்கைந்து மென்பொருள்களை மாற்றிய பிறகுதான் புரிந்தது: அவற்றில் எதிலும் பழுதில்லை, கைபேசிக்கும் கணினிக்கும் நடுவில் இருந்த பாதை அடைபட்டிருந்தது. ஆகவே இங்கே மென்பொருளுக்கு முன்பாகப் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். அவசரமாக இருந்தாலும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

உங்கள் கைபேசிக்கு எந்த முறை தெரியும்?

திரையை அனுப்புவதற்குப் பல முறைகள் இருக்கின்றன. ஒன்றில் அனுப்புவதை இன்னொன்று வாங்கிக்கொள்ளாது. பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பலவற்றில் இருப்பது மிராகாஸ்ட். வைஃபை தரங்களைப் பேணும் நிறுவனங்களின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த முறை இது. ரவுட்டர் இல்லாமலேயே கைபேசியும் கணினியும் நேருக்கு நேர் வைஃபையில் பேசிக்கொள்ளும். சாம்சங் இதை ‘ஸ்மார்ட் வியூ’ என்று அழைக்கிறது. மற்றக் கைபேசிகளில் ‘காஸ்ட்’, ‘ஸ்கிரீன்காஸ்ட்’ போன்ற பெயர்களில் தேடுங்கள். கூகுளின் பிக்சல் கைபேசி வைத்திருப்பவர்கள் தேடிக் களைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 6 வந்தபோதே கூகுள் தன் கைபேசிகளிலிருந்து மிராகாஸ்டை எடுத்துவிட்டது. அவற்றில் தெரியும் ‘காஸ்ட்’ கூகுளின் சொந்த முறையான குரோம்காஸ்ட் வழியில் போவது; விண்டோஸ் தானாக அதை வாங்காது.

ஐபோனுக்கு ஏர்பிளே மட்டும்தான். 2010-இல் ஆப்பிள் வெளியிட்டது. வீட்டில் இது பெரும்பாலும் ரவுட்டர் வழியாகவே போகும். விண்டோஸில் ஏர்பிளேயை வாங்கும் வசதி கிடையாது. அதற்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும்.

ஆகவே கணினியைத் தொடுவதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். மிராகாஸ்ட் உள்ள ஆண்ட்ராய்டு என்றால், விண்டோஸில் உள்ள வசதியே போதும். வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். ஐபோன் என்றால் ஏர்பிளே வாங்கும் மென்பொருள் தேவை. பிக்சலுக்கான வழி ‘ஐபோனுக்கு’ என்ற பகுதியின் முடிவில் இருக்கிறது. என் வகுப்பில் இரண்டு வகையும் வருகின்றன என்பதால் இரண்டையும் அமைத்து வைத்திருக்கிறேன்.

மேசைக் கணினியில் வைஃபை இருக்கிறதா?

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கடையில் உதிரிபாகங்களாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினிகளில் பலவற்றுக்கு வைஃபை கிடையாது. லேன் கம்பிதான் இணையத்தைக் கொண்டுவருகிறது. ஏர்பிளேக்கு அந்தக் கம்பி போதும். மிராகாஸ்டுக்குப் போதாது; கணினியில் வைஃபை வன்பொருள் இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் கணினி தகுதியுள்ளதா என்று அறிய ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் அடியில் ‘சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, சேமித்த கோப்பைத் திறந்து, ‘மிராகாஸ்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘அவைலபிள்’ என்றிருந்தால் பிரச்சினை இல்லை. ஆதரவு இல்லை என்றிருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரால் இல்லையா, வைஃபை டிரைவரால் இல்லையா என்பதை அந்த வரியே சொல்லிவிடும். (டிரைவர் என்பது வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்.) முதலாவதற்கு இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகியவற்றில் உங்கள் கிராஃபிக்ஸ் எந்த நிறுவனத்துடையதோ அதன் தளத்திலிருந்து புது டிரைவரை நிறுவுங்கள். இரண்டாவதற்கு, முதலில் வைஃபை டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் வேறு அடாப்டர், அதாவது கணினிக்கு வைஃபை தரும் கருவி, வாங்க வேண்டியிருக்கும்.

பெங்களூரில் இதற்குப் போக வேண்டிய இடம் டவுன் ஹால் பக்கத்து எஸ்.பி. ரோடு. அங்கே நான் ஒருமுறை ஏமாந்தேன். நகத்தளவு யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை, “எல்லாம் வேலை செய்யும்” என்ற கடைக்காரரின் சொல்லை நம்பி வாங்கி வந்தேன். இணையம் வந்தது, மிராகாஸ்ட் வரவில்லை. பெட்டியில் ‘150 எம்பிபிஎஸ்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய வகை, வாங்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸும் உள்ள ‘டூயல் பேண்ட்’ அடாப்டரைக் கேளுங்கள். ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் ‘வைஃபை டைரக்ட்’ வசதி உண்டா என்று பெட்டியிலோ நிறுவனத் தளத்திலோ பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கணினியைத் திறந்து பொருத்தத் தயங்காதவர்கள் பிசிஐஇ அட்டை வாங்கலாம். ஆன்டெனா வெளியே நிற்பதால் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும்.

யுஎஸ்பி அடாப்டரைக் கணினியின் பின்பக்கத்தில், சுவருக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே சொருகாதீர்கள். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பி போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். யுஎஸ்பி 3 துளையில் வேகமாக இயங்கும் வெளி ஹார்ட் டிஸ்க் போன்றவை அருகில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும். அதற்கும் இந்த நீட்டிப்புக் கம்பியே மருந்து.

பாதையைச் சரிபார்த்தல்

என் மூன்று வாரங்களைத் தின்ற இடம் இது.

ஏர்பிளே போல ரவுட்டர் வழியாகப் போகும் முறைகளில் கைபேசியும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். “ஒரே வீட்டு இணையம்தானே” என்று நினைப்பது போதாது. கைபேசியில் வைஃபை அமைப்புக்குள் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால், வலையமைப்பில் அந்தக் கருவிக்குரிய எண்ணான ஐபி முகவரி தெரியும். கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் ஐபிவி4 முகவரி தெரியும். வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கைபேசி 192.168.1.5, கணினி 192.168.0.12 என்றிருந்தால் இரண்டும் வேறு வேறு தெருவில் நிற்கின்றன.

இது எப்படி நேர்கிறது? ஃபைபர் இணைப்புத் தரும் நிறுவனம் ஒரு பெட்டி வைக்கிறது. அதிலேயே வைஃபை உண்டு. படுக்கையறைக்கு எட்டவில்லை என்று நாம் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் இணைக்கிறோம். இப்போது வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள். கணினி கம்பி வழியே முதலாவதிலும், கைபேசி வைஃபை வழியே இரண்டாவதிலும் இருந்தால், இணையம் இரண்டுக்கும் வரும்; ஒன்றையொன்று கண்டுகொள்ளா. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாகிவிடும். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், கைபேசியையும் கணினியையும் ஒரே பெட்டியில் இணைத்துவிடுங்கள்.

முகவரிகள் பொருந்தியும் பெயர் வரவில்லையா? ‘கெஸ்ட்’ வலையமைப்பைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் இணைப்புத் தர வந்தவர், கைபேசிகளுக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது விருந்தினர் வலையமைப்பு என்று எனக்குத் தெரியாது. விருந்தினர் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. கைபேசியை முதன்மை வைஃபைக்கு மாற்றினேன். அடுத்த நொடியில் கணினியின் பெயர் வந்து நின்றது. முதன்மை வைஃபையிலும் வரவில்லை என்றால், ரவுட்டர் அமைப்பில் ‘ஏபி ஐசொலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ என்பது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் பொது வைஃபையில் இதை வேண்டுமென்றே இயக்கி வைத்திருப்பார்கள். அங்கே உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து முயலலாம்.

மூன்றாவது தடை கணினிக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் பப்ளிக், பிரைவேட் என்று பிரிக்கிறது. பப்ளிக் என்றிருந்தால் வெளியிலிருந்து தேடி வருபவர்களுக்கு, கணினியின் காவல் மென்பொருளான ஃபயர்வால் பதில் சொல்லாது. மேலே ஐபி முகவரி பார்த்த அதே பக்கத்தில் ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை வீட்டில் மட்டும் செய்யுங்கள். ரயில் நிலையத்திலும் காப்பிக் கடையிலும் பப்ளிக் என்றே இருக்கட்டும்.

கடைசியாக, இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இரண்டு கருவியில் எதில் ஓடினாலும் நிறுத்துங்கள். அலுவலக மடிக்கணினியில் இது எதுவுமே நடக்காமல் போகலாம். வெளியிலிருந்து திரையை வாங்குவதை நிறுவனங்கள் கொள்கையாகவே தடுத்து வைத்திருக்கும். என் மாணவி ஒருத்தியின் அப்பா அதைச் சுற்றிப் போக வழி கேட்டார், வேண்டாம் என்றேன். வேலை கொடுத்தவர்களின் கருவி, அவர்களின் விதி.

விண்டோஸில் மிராகாஸ்ட் வசதியை நிறுவுதல்

விண்டோஸ் 10-இன் 2020-ஆம் ஆண்டு மே மாதப் புதுப்பிப்புக்குப் பிறகு இந்த வசதி தானாக வருவதில்லை. நாம்தான் சேர்க்க வேண்டும்.

1. செட்டிங்ஸ் திறந்து ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடுங்கள். பதிப்பைப் பொறுத்து அது சிஸ்டம் பகுதியிலோ ஆப்ஸ் பகுதியிலோ இருக்கும்.
2. புதிய வசதியைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி, ‘வயர்லெஸ் டிஸ்பிளே’ என்பதைத் தேர்ந்து நிறுவுங்கள். இது விண்டோஸ் அப்டேட் வழியாக இறங்குகிறது. ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்று இணைப்பைக் குறித்து வைத்திருந்தால் நிறுவல் தோற்கும். அதை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.
3. முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.
4. செட்டிங்ஸ், சிஸ்டம், ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்று போங்கள். முதல் தேர்வு ‘ஆல்வேஸ் ஆஃப்’ என்றிருக்கும். பாதுகாப்பான வலையமைப்புகளில் மட்டும் கிடைக்கும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கவும், பின் எண் கேட்கவும் வையுங்கள்.
5. அதே பக்கத்தில் இருக்கும் இணைப்பை அழுத்தி வாங்கும் செயலியைத் திறந்து வையுங்கள்.
6. கைபேசியில் ஸ்மார்ட் வியூ அல்லது காஸ்ட் போய், கணினியின் பெயரைத் தொட்டு, திரையில் தெரியும் எண்ணைக் கொடுங்கள்.

கணினிக்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிடுங்கள். அடுக்குமாடியில் பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிகள் எல்லாம் வந்து நிற்கும். ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்த பெயரை அந்த நெரிசலில் கண்டுபிடிப்பது சிரமம். சிஸ்டம், அபவுட் பகுதியில் பெயரை மாற்றலாம். 15 எழுத்துக்குள் இருக்கட்டும். எங்கள் கணினியின் பெயர் வள்ளுவர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் 2009-இல் திறந்த சிலையைப் பார்த்துப் பிள்ளைகள் சூட்டிய பெயர் அது.

ஐபோனுக்கு

ஏர்சர்வர், ரிஃப்ளெக்டர் ஆகியவை கட்டண மென்பொருள்கள். சோதனைக் காலம் தருகின்றன. லெட்ஸ்வியூ இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை யுஎக்ஸ்பிளே. திறந்த மூலம், விளம்பரம் இல்லை, உபுண்டு 23.04 முதல் அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. படம் வராவிட்டால், படத்தையும் ஒலியையும் கையாளும் ஜிஸ்ட்ரீமர் செருகுநிரல்களும், கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் அவாஹி சேவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எதை நிறுவினாலும் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். ஒத்த பெயரில் வேறு எதையாவது தள்ளிவிடுவார்கள். பூட்டு உடைத்த இலவசப் பதிப்புகளை, அதுவும் பிள்ளைகள் உட்காரும் கணினியில், தொடவே வேண்டாம்.

நிறுவியதும் முதல் ஓட்டத்தில் ஃபயர்வால் ஒரு பெட்டி காட்டும். பலர் பதற்றத்தில் ‘கேன்சல்’ அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த மென்பொருளுக்குத் தடை விதி பதிவாகிவிடும். அடுத்த முறை கேள்வியே வராது. விண்டோஸ் செக்யூரிட்டி, ஃபயர்வால் பகுதி, ‘அலோ அன் ஆப் த்ரூ ஃபயர்வால்’ என்று போய், பட்டியலில் மென்பொருளைக் கண்டுபிடித்துப் பிரைவேட் கட்டத்தில் குறியிடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். வாசல் கதவு இறுகிவிட்டது என்று கதவையே கழற்றி வைக்க மாட்டோம் அல்லவா?

ஐபோனில் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு செவ்வகங்களைத் தொட்டால் கணினியின் பெயர் வரும். மேக் வைத்திருப்பவர்களுக்கு மென்பொருளே வேண்டாம். மேக்ஓஎஸ் மான்டரே முதல், அதாவது 2021 முதல், ஏர்பிளே வாங்கும் வசதி அதிலேயே உண்டு. ஐமேக் என்றால் 2019 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

பிக்சல் கைபேசிக்காரர்களுக்கு, எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளால் எழுதி ‘ஸ்கிரீன் காப்பி’ என்று உச்சரிக்கப்படும் திறந்த மூல நிரல் இருக்கிறது. ஜெனிமொபைல் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. தாமதம் மிகக் குறைவு. ஆண்ட்ராய்டு 11 முதல் ஒலியும் வரும். கைபேசியில் டெவலப்பர் வசதியைத் திறக்க வேண்டியிருப்பதால், வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

இணைந்த பிறகு வரும் கோளாறுகள்

“மிஸ், நீங்கள் எழுதி முடித்த பிறகுதான் எழுத்து வருகிறது” என்றாள் எட்டு வயதுப் பெண். அவள் சொன்னது சரி. அரை நொடித் தாமதம் திரைப்படம் பார்ப்பவருக்குப் பெரிதில்லை. என் விரலின் ஓட்டத்தைத் திரையில் பார்த்துப் பின்பற்றும் பிள்ளைக்கு அது எழுத்தையே குழப்பிவிடும். ஆகவே இந்தத் தாமதத்தைத்தான் அதிகம் விரட்டினேன்.

ரவுட்டர் வழி என்றால், கணினியைக் கம்பியிலேயே வைத்திருங்கள். இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு காட்சியும் கைபேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒருமுறை என்று காற்றில் இருமுறை பயணிக்கிறது. கம்பி போட்டால் ஒரு பயணம் மிச்சம். கைபேசியை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடி முழுவதும் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும் என்பதால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள்.

மிராகாஸ்டில் வேறொரு தந்திரம் கைகொடுத்தது. அடாப்டர் ஒரு வைஃபையில் இணைந்தும் இருந்து, கைபேசியுடனும் பேசினால், தன் நேரத்தை இரண்டுக்கும் பங்கிட வேண்டியிருக்கும். இணையம் கம்பியில் வரட்டும்; வைஃபை இயக்கத்தில் இருக்கட்டும், ஆனால் எந்த வைஃபையிலும் இணைக்காதீர்கள். முழு அடாப்டரும் கைபேசிக்கே கிடைக்கும். அந்தச் சிறுமி அடுத்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் காற்றில் வீசி என்னோடு சேர்ந்தே ‘ழ’ எழுதினாள்.

சில நிமிடங்களில் இணைப்பு அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பண்புகளைத் திறந்து, ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாளில் மின்சாரம் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். கைபேசியில் பேட்டரி சேமிப்பு நிலையையும் நிறுத்துங்கள்.

படம் வந்து ஒலி வரவில்லை என்றால், ஒலிபெருக்கியே இல்லாத மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒலிக்குறியில் சரியான வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு செயலியில் மட்டும் திரை கறுப்பாகிறதா? அது கோளாறாக இருக்க வாய்ப்பில்லை. வங்கிச் செயலிகளும் பணம் கட்டிப் படம் பார்க்கும் செயலிகளும் தங்கள் திரையைப் பிறர் எடுப்பதைத் தடுத்து வைத்திருக்கின்றன. அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை இழக்காதீர்கள்.

வகுப்பு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும்

மிரரிங் என்றால் கைபேசியில் வருவதெல்லாம் திரைக்கு வரும். ஒருமுறை பாடத்துக்கு நடுவே என் வங்கியின் ஓடிபி எட்டுப் பிள்ளைகள் முன்னால் 24 அங்குலத்தில் வந்து நின்றது. இப்போது ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, அறிவிப்புகள் திரையில் தோன்றாதபடி அமைத்த பிறகே இணைக்கிறேன். யாராவது தொலைபேசியில் அழைத்து, ஏதோ காரணம் சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பெற்றோருக்கும் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.

பிள்ளைகள் கிளம்பியதும் முதலில் கைபேசியில் இணைப்பைத் துண்டிக்கிறேன். பிறகு ‘புரொஜெக்டிங் டு திஸ் பிசி’ பக்கத்தில் மீண்டும் ‘ஆல்வேஸ் ஆஃப்’ வைக்கிறேன், ஏர்பிளே மென்பொருளை மூடுகிறேன். அடுத்த ஞாயிறு வரை பக்கத்து வீட்டுப் பட்டியல்களில் வள்ளுவர் தெரிய மாட்டார்.